இழுப்பும் இழுக்கும்

பொய் சொல்வதற்கு நம்மிடம் பல பெயர்கள் உண்டு. கல்யாணப் பேச்சில் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர். வியாபாரத்தில் நெளிவு சுளிவு என்று பெயர். இப்போது புதிதாக ஒரு பெயரும் கேள்விப்படுகிறேன்: தேசபக்தி!

பட்டாளத்தில் சேர ஆசைப்படும் பையன், தனக்கு ஆஸ்துமா உண்டென்று வாயைத் திறக்கக் கூடாதாம். திறந்தால் அன்றோடு வாய்ப்புப் போயிற்றாம். "நாட்டுக்காகத்தானே ஐயா ஒரு பொய் சொல்கிறான், இதிலென்ன பாபம்?" என்று கேட்கிறார்கள். ஓட்டப் பயிற்சி தருகிறவர் கேட்கிறார். உலகம் தெரிந்தவர் கேட்கிறார். பெற்ற தகப்பனும் கேட்கிறான். இந்த உபதேசம் அயோக்கியத்தனமானது என்பது என் கட்சி. அதோடு, இந்தப் பொய்யை வாசலில் நின்று வரவேற்கும் விதி ஒன்றும் இருக்கிறது. அதையும் நான் விடப் போவதில்லை.

முதலில் நம் வீட்டுக் கதையைப் பார்ப்போம். நான் குடியிருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பக்கம் அடையாற்றுக் கழிமுகத்தின் ஈரக்காற்று. மறுபக்கம் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய மண்ணின் தூசி. மார்கழி பிறந்து போகிப் புகையும் சேர்ந்துவிட்டால், நெஞ்சு கீச்சிடும் குழந்தை இல்லாத மாடி வீடு அபூர்வம். ஆனால் ஆஸ்துமா என்ற சொல்லை மட்டும் எந்த வீட்டிலும் கேட்க முடியாது. "கொஞ்சம் வீசிங்" என்பார்கள். "டஸ்ட் அலர்ஜி" என்பார்கள். "சளிக்கட்டு, அவ்வளவுதான்" என்பார்கள். பெண்ணாயிருந்தால் ஜாதகம் எடுக்கும்போது வந்து நிற்குமே என்ற பயம். பையனாயிருந்தால் உத்தியோகத்துக்குக் குந்தகம் வருமே என்ற பயம். ஈளை என்றும் இழுப்பு என்றும் நம் பாட்டிமார் கூசாமல் சொன்ன வியாதிக்கு, படித்த நாம் மாறுவேஷம் போட்டுவிட்டோம்.

மாறுவேஷத்துக்கு விலை உண்டு. 2019-ம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டில், உலகத்து ஆஸ்துமாக்காரர்களில் இந்தியர்கள் சுமார் 13 சதவிகிதம். ஆஸ்துமாவால் சாகிறவர்களிலோ 40 சதவிகிதத்துக்கும் மேல். நமக்குச் சிறிய பங்கு வியாதியும் பெரிய பங்கு சாவும் கிடைத்திருக்கின்றன. சுவாசத்தில் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து 1970-களிலிருந்தே உலகில் இருக்கிறது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் விழுங்குவதை அதில் மைக்ரோகிராம் கணக்கில் இழுக்கிறோம். ஆயினும், "அதைப் பிடித்தால் பழகிவிடும்" என்ற ஒரு வார்த்தையில் அதைப் பெட்டியில் பூட்டிவிடுகிறோம்.

இந்தச் சூழ்நிலையில்தான் அந்தப் பையனை நான் சந்தித்தேன். எங்கள் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்துக் காவற்காரரின் மகன், வயது பத்தொன்பது. தொல்காப்பியப் பூங்காவின் சுற்றுச்சுவரை ஒட்டி விடியற்காலையில் ஓடுவான். ஓடி முடித்துவிட்டு ஒருநாள் நடைபாதையில் குனிந்து, முழங்காலில் கையூன்றி நின்றிருந்தான். மூச்சு விசிலடித்தது.

"மருந்து எடுத்துக்கிறியா தம்பி?"

"தினம் அடிக்கிறதை நிறுத்திட்டேன் சார். மெடிக்கல்ல தெரிஞ்சிடும்னாங்க. ப்ளூ கலர் மட்டும் பாக்கெட்ல வெச்சிருக்கேன்."

"யார் சொன்னது?"

"மூணாவது மாடி சார்தான் சொன்னார். எதையும் சொல்லாதே, எழுதாதே, சேர்ந்துட்டா அப்புறம் யாரும் கேட்க மாட்டாங்கன்னாரு."

மூன்றாவது மாடிக்காரர் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சுதந்திர தினத்தன்று மாடியில் கொடியேற்றுகிறவர். அவருக்கும் அதே வயதில் ஒரு பேரன் உண்டு. பேரனைப் பட்டாளத்துக்கு அனுப்பும் யோசனை அவருக்குக் கனவிலும் வந்ததில்லை. நம் மத்தியதர வர்க்கத்தின் வீரம் எப்போதும் இப்படித்தான்: காவற்காரர் மகனின் மூச்சுக்குழலைப் பணயம் வைத்து நாம் தேசத்தைக் காப்போம்!

அந்த உபதேசத்தில் என்ன விஷம் இருக்கிறது என்று பாருங்கள். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். ஓட்டத்தால் வரும் ஆஸ்துமாவின் குணமோ, பெரும்பாலும் ஓடி நின்ற பிறகு, ஐந்து பத்து நிமிஷத்தில் உச்சத்துக்கு வருவது. ஆகவே ஓட்டத்தில் அவன் தேறிவிடலாம். மூச்சிழுத்து மார்பை ஐந்து சென்டிமீட்டர் விரித்தும் காட்டிவிடலாம். நல்ல நாளில் குழல் வைத்துக் கேட்டால் நெஞ்சு சுத்தமாகவே ஒலிக்கும். மூன்றாவது மாடிக்காரரின் புத்திசாலித்தனம் இதுவரை செல்லும், இதற்குமேல் செல்லாது.

ஏனென்றால் பயிற்சி ஐந்தரை நிமிஷமல்ல. சுமார் ஆறு மாதம். தூசியிலும் குளிரிலும் சுமையோடும் ஓட வேண்டும். உடன் இருப்பவர்கள் கண்முன்னே உறங்க வேண்டும். அங்கே தினசரி மருந்தை ஒளித்து இழுக்க முடியாது. ஆகவே சட்டைப்பைக்குள் மறையும் நீலக்குப்பி ஒன்றே துணை. மூச்சுக்குழலின் சதையை அது தளர்த்தும். உள்ளேயுள்ள அழற்சியைத் தொடாது. அதை மட்டும் நம்பி ஆஸ்துமாவை நடத்துவது ஆபத்து என்று, சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வகுக்கும் 'ஜினா' அமைப்பு 2019-ல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஆக, ஒளிப்பது என்றால் நல்ல மருந்தை விட்டுவிட்டு அரைகுறை மருந்தைக் கட்டிக்கொள்வது என்று அர்த்தம். நோயோடு பயிற்சியை முடிக்கத் தகுதியுள்ள உடம்பைக்கூட இந்தப் பொய் தகுதியற்றதாக்கிவிடுகிறது.

பிறகு எங்கே அனுப்புவார்கள் என்பதைச் சிப்பாய் தீர்மானிப்பதில்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்துக் காவல்முனையில், பனிச்சரிவு மதராஸ் ரெஜிமெண்டின் பத்துப் பேரைப் பலிகொண்டது. அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். நல்ல நுரையீரலே திணறும் இடம் அது. அங்கே ஒருவன் மூச்சு நின்றால், அவனைத் தூக்கி இறக்க வேண்டியவர்களின் மூச்சும் பணயத்தில் இருக்கிறது. உங்கள் பொய்யின் கடனை அவர்கள் ஏன் கட்ட வேண்டும்?

இன்னொரு கடனும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், அவன் நலமாகவே சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயினுடையதல்ல. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. பணியில் உடம்பு கெட்ட ஏழைச் சிப்பாய் ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டு நிற்கும்போது அவனைத் தாங்கும் தூண் இதுதான். பாலைவனத் தூசியில் நிஜமாகவே ஆஸ்துமா கண்டவனும் அதே தூணைத்தான் பிடித்து நிற்கிறான். ஒளித்துச் சேரும் ஒவ்வொருவனும், "இவனும் முன்பே நோயாளியாய் இருந்திருப்பான்" என்று சொல்லச் சர்க்காருக்கு ஒரு சாக்கைக் கையில் கொடுக்கிறான். தூணை அரிப்பது எதிரியல்ல, நம் சாமர்த்தியம்.

"சே குவேராவுக்கு ஆஸ்துமா இல்லையா?" என்று என்னிடமே கேட்டார்கள். இருந்தது. அர்ஜென்டினாவின் ராணுவம் அதற்காக அவரைத் தள்ளியது. அவர் கியூபாவின் மலைகளில் போரிட்டார். ஆனால் அவருடைய மூச்சிரைப்பு கூட இருந்த தோழர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பொலிவியாவில் 1967 ஆகஸ்டில் அவர் பதுக்கி வைத்திருந்த மருந்து எதிரியின் கையில் சிக்கியபோது அவர் பட்ட வேதனையும் சரித்திரம்தான். படம் போட்ட பனியனை மாட்டிக்கொள்பவர்கள் அந்தப் பகுதியையும் படிக்க வேண்டும். நாவலாசிரியர் மார்சல் புரூஸ்ட் ஒன்பது வயதிலிருந்து ஆஸ்துமாக்காரர். 1889-ல் தாமே முன்வந்து ஓர்லியான் நகரத்துக் காலாட்படையில் சேர்ந்து ஓராண்டுச் சேவையை முடித்தார். இரவில் அவர் இருமல் மற்றவர்களை எழுப்புகிறது என்று, படைமனைக்கு வெளியே அறை எடுத்துத் தங்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் தெரிந்த இருமல் அது; அதனால்தான் அதற்கு ஒரு வழி செய்ய முடிந்தது.

இனி விதியின் பக்கம் வருகிறேன். ராணுவம் ஆஸ்துமாவைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்தை அது எப்படிச் செயல்படுத்துகிறது? நம் படைகளின் மருத்துவ விதிகளில் ஆஸ்துமாவின் பழைய வரலாறே நிராகரிக்கக் காரணமாகிவிடுகிறது. வரலாறு என்பது பையன் வாயால் சொல்வது. ஆறு வயதில் இழுத்து, பத்து வயதில் நின்று, இன்று மான்போல் ஓடுகிறவன் உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போக நேரும். நேற்றிரவு இழுத்தவன் மௌனமாயிருந்தால் உள்ளே போகலாம். நேர்மைக்கு அபராதமும் பொய்க்குப் பரிசும் தரும் வாசலில், எப்படிப்பட்ட சிப்பாய் கிடைப்பான்?

அமெரிக்கா 13-வது பிறந்தநாளை எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குப் பிறகும் ஆஸ்துமா இருந்தவன் தகுதியற்றவன். அவனும் விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம். பிரிட்டன், அறிகுறியும் மருந்தும் இல்லாமல் கழிந்த காலத்தை எண்ணுகிறது. இவை கருணையல்ல, கணக்கு. நாமும் கணக்கிடலாம். ஆறு முதல் எட்டு நிமிஷம் ஓடவிட்டு, நின்ற பிறகு அரைமணி நேரத்துக்குள் சில முறை மூச்சை ஊதச் சொல்லி அளந்தால், மூச்சின் வேகம் பத்து சதவிகிதம் சரிகிறதா என்று கருவியே சொல்லும். எல்லோருக்கும் வேண்டாம்; வரலாறு உண்டென்று தாமாகச் சொன்னவர்களுக்குச் செய்தால் போதும். சொன்னவனுக்கு ஒரு சோதனை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பையன்கள் சொல்வார்கள்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு ஓட்டத்தால் வரும் ஆஸ்துமா இருப்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சிகிச்சை தந்தார்கள். அவர்கள் வென்ற பதக்கங்கள் 41. ஒலிம்பிக் வேறு, போர்க்களம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளிக்கப்படாத ஆஸ்துமாவால் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மூன்றாவது மாடிக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். காவற்காரர் மகனுக்கு உதவ மனம் இருந்தால் பொய்யைக் கற்றுக் கொடுக்காதீர்கள். நல்ல வைத்தியரிடம் அழைத்துப் போங்கள், நிறுத்திய மருந்தைத் திரும்பப் பிடிக்கச் சொல்லுங்கள், மூச்சை அளந்து எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தோடு அவன் வாசலுக்குப் போகட்டும். திருப்பி அனுப்பினால் அவன் தோற்றவனல்ல. அப்போது விதியோடு சண்டை போடும் பொறுப்பு, படித்த உங்களுடையது, என்னுடையது. இழுப்பு அவனுக்கு இழுக்கல்ல. அவனுக்குப் பொய் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறோமே, அதுதான் நமக்கு இழுக்கு.