பல் டாக்டர் கேட்காத கேள்வி

நம் வயதுக்காரர்கள் பல் டாக்டரிடம் போனால் முதலில் ஒரு படிவம் நீட்டுவார்கள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஸ்டென்ட் வைத்திருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் இருக்கும். டிக் போட்டுக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடலாம். நான் பார்த்த மூன்று நான்கு படிவங்களில் ஒன்றில்கூட, "எலும்பு பலத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்ததுண்டா?" என்ற கேள்வி இல்லை. அது கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாளுக்கு எழுபதைத் தாண்டிய வயது. எலும்புத் தேய்மானம் என்று வருடத்துக்கு ஒரு முறை டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வார். கீழ்க் கடைவாய்ப்பல் ஆடுகிறது என்று போனார், பிடுங்கினார்கள். பத்து நாளில் ஆற வேண்டிய குழி மூன்று மாதமாகியும் ஆறவில்லை. நாக்கால் தொட்டால் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. பல்லின் மிச்சம் என்று நினைத்தார். அது தாடை எலும்பு! "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று பல் டாக்டர் கேட்காமல் இல்லை. பிரஷருக்கும் தைராய்டுக்கும் என்று அந்த அம்மாள் சொன்னதும் பொய் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி யார் கணக்கில் மாத்திரை? வாரத்துக்கு ஒன்று விழுங்குவதைக்கூட நம் வீடுகளில் 'சத்து மாத்திரை' என்றுதானே சொல்கிறோம்.

எலும்பு என்பது கட்டி முடித்த சுவர் இல்லை. ஒரு பக்கம் பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள், மறுபக்கம் புதிதாகப் பூசும் செல்கள் என்று உள்ளே எந்நேரமும் கொத்தனார் வேலை நடக்கிறது. வயதானால், அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இடிப்பது அதிகமாகிப் பூசுவது குறைந்துவிடும். அலெண்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், ஐபாண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் இடிக்கிற ஆளைக் கட்டிப்போடுகின்றன. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் தப்பிக்கின்றன. ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் சேதமான எலும்பை அகற்றவும் அந்த ஆள்தான் வேண்டும். அவர் வராவிட்டால் குப்பை அங்கேயே கிடக்கும். தாடை மெல்லிய ஈறுக்கு அடியில் இருக்கிறது. வாயிலோ கிருமிக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் உடம்பில் இத்தனை எலும்பு இருக்க, தாடைக்கு இந்தக் கதி.

2003-ல் அமெரிக்காவில் மயாமியில் இருந்த ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை நிபுணர், இப்படிப்பட்ட 36 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. ஆனால் தாடை அழுகுவது அதற்கு முன் யாரும் பார்க்காதது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தவர்களுக்குத் தாடை எலும்பு செத்துப்போனது. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்ததைப் படித்திருப்பீர்கள். அவர்கள் நடுவே இருந்த பயங்களில் இதுவும் ஒன்று. இந்தியாவில் 1913-ல் சட்டம் போட்டு வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தார்கள். நம் சிவகாசியில் தொழில் வளர்ந்தது அதற்குப் பிறகு.

இதைப் படித்துவிட்டு இன்றே மாத்திரையைக் குப்பையில் போட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் இப்படி ஒரு பயமுறுத்தல் சுற்றிக்கொண்டிருக்கிறது; எனக்கே இரண்டு பேர் அனுப்பினார்கள். எலும்புத் தேய்மானத்துக்காக எடுப்பவர்களில் இந்தத் தாடைப் பிரச்சினை வருவது ஆயிரத்தில் ஒருவருக்கோ, அதைவிடக் குறைவாகவோதான். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள்? டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுவதைத் தாங்களாக நிறுத்தினால் முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கும் ஆபத்தும் உண்டு. நிறுத்துவதா வேண்டாமா என்பதை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

புற்றுநோய்க்காரர்கள் விஷயம் வேறு. நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே மருந்தை வருடத்துக்கு ஒரு முறை இல்லாமல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை தாடைப் பாதிப்பு வரலாம். புதிய ரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் சில புற்றுநோய் மருந்துகளாலும் வரும். ஸ்டீராய்டு, சர்க்கரை, புகை சேர்ந்தால் இன்னும் கூடும். சரியாகப் பொருந்தாத பல் செட் ஈறில் உரசிப் புண்ணாக்கியே ஆரம்பித்துவிடுவதும் உண்டு.

ஆகையால் என் புகார் மருந்தின் மேல் இல்லை. எலும்பு டாக்டர் ஒரு கட்டடத்தில், பல் டாக்டர் வேறொரு தெருவில்; இருவருக்கும் நடுவே தகவல் கொண்டுபோகும் தபால்காரர் எழுபது வயது நோயாளி. இது என்ன ஏற்பாடு? முதல் ஊசிக்கு முன்பு, "பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள், பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஆறிய பிறகு ஆரம்பிப்போம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? புற்றுநோய்ப் பிரிவில் சில இடங்களில் இதைச் செய்கிறார்கள் என்று அறிகிறேன். எலும்புத் தேய்மானத்துக்கு எழுதும்போதும் செய்ய வேண்டும். மருந்துக்கடையில் அந்த அட்டையைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். இந்த மாத்திரைகள் பல வருடம் எலும்பிலேயே தங்கிவிடும் வகை. "அதெல்லாம் போன வருஷமே நிறுத்தியாச்சு" என்ற பதிலும் பல் டாக்டரிடம் செல்லாது. நிறுத்தியதையும் சொல்ல வேண்டும்.

பல் பிடுங்கி எட்டு வாரமாகியும் எலும்பு வெளியே தெரிந்தால், அல்லது கீழுதடு மரத்துப்போனால், சீழ் வந்தால், வீட்டில் கிராம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. சொல்லப்போனால் எட்டு வாரமே அதிகம். சீக்கிரம் போனால் வாய் கொப்பளிக்கும் மருந்தோடும் ஆன்ட்டிபயாட்டிக்கோடும் அடங்கிவிடலாம். விட்டால் தாடையில் அறுவை செய்ய நேரிடும்.

என் மனைவியின் ஃபைலில் முதல் பக்கத்தில், மருந்தின் பெயர், ஆரம்பித்த தேதி, கடைசி ஊசி போட்ட தேதி மூன்றையும் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன மாதம் பல்வலி என்று போனபோது டாக்டர் அதைப் படித்துவிட்டு, பிடுங்க வேண்டாம், வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம் என்றார். செலவு பல மடங்கு ஆயிற்று. சீடைக்கும் முறுக்குக்கும் தடை போட்டிருக்கிறார். அதில்தான் வீட்டில் வருத்தம்.