மண் மணம் போனது யாரால்? செந்தில் கணேஷ் – ராஜலட்சுமி பாட்டில் நமக்குள்ள பாடம்

ஜார்ஜ்டவுன்: தமிழ்நாட்டின் நாட்டுப்புறப் பாடகர் தம்பதி செந்தில் கணேஷ் – ராஜலட்சுமி சினிமாவுக்குப் போனபின் அவர்கள் பாட்டில் மண் மணம் குறைந்துவிட்டது என்ற பேச்சு உண்டு. அது எவ்வளவு தூரம் சரி?

கிராமத்து மேடைகளில் பாடி வந்த இருவரும் 2018-இல் விஜய் டிவி சூப்பர் சிங்கர் 6-இல் கலந்துகொண்டனர். செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். அவர்கள் மேடையில் பாடிப் புகழ்பெற்ற ‘சின்ன மச்சான்’, அம்ரிஷ் இசையில் 2019-இல் வெளிவந்த ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் பிரபுதேவா ஆடும் பாட்டானது. 2021-இல் ‘புஷ்பா’ தமிழ்ப் பதிப்பின் ‘வாயா சாமி’ பாட்டை, தேவி ஸ்ரீ பிரசாத் இசையில் ராஜலட்சுமி பாடினார்.

மேடைப் பாட்டுக்கு அளவு கிடையாது. கூட்டம் ரசித்தால் பாட்டு நீளும். பாடுபவர் ஊர்ப் பெயரைச் சேர்ப்பார், எதிரே இருப்பவரைக் கிண்டல் செய்வார், அதற்குக் கூட்டம் பதில் குரல் கொடுக்கும். ஸ்டூடியோவில் தாளம் கணினியில் முன்கூட்டியே பூட்டப்படுகிறது. சுருதி பிசகினால் திருத்தப்படுகிறது. பாட்டு நான்கைந்து நிமிடத்தில் முடிகிறது. காரிலும் கல்யாண மண்டபத்திலும் அதிர வேண்டும் என்பதற்காக அடித்தாளம் ஏற்றப்படுகிறது. குரல் அதே குரல்தான். பதில் சொல்லும் கூட்டம்தான் இல்லை.

ஆனால் லாபமும் உண்டு. ‘சின்ன மச்சான்’ பாட்டை எழுதியவர் செல்ல தங்கையா என்று படத்தில் பெயர் வந்தது. எத்தனையோ நாட்டுப்புறப் பாட்டுகள் எழுதியவர் பெயர் இல்லாமலே ஊர் சுற்றுகின்றன. திருவிழாக் காலம் முடிந்தால் வருமானமும் முடியும் கலைஞர்களுக்கு சினிமா சோறு போடுகிறது. அவர்களை மட்டும் பழைய கோலத்திலேயே இருக்கச் சொல்வது நியாயமில்லை.

அவர்களின் மேடைப் பாட்டு வீடியோவாக இன்றும் யூடியூபில் கிடக்கிறது. சினிமாப் பதிப்பு பிடிக்காதவர் அதைக் கேட்டுக்கொள்ளலாம். மெருகு ஏறினாலும் மூலம் அழியவில்லை.

நம் நிலைமை வேறு. இங்கும் உறுமி மேளக் குழுக்கள் ஸ்டூடியோவில் பாட்டுப் பதிந்து வெளியிடுகின்றன. அது வளர்ச்சிதான். ஆனால் பால்மரக் காட்டிலும் லயத்து வாசலிலும் பாடிய தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கங்காணியைக் கேலி செய்த பாட்டு ஆகியவற்றில் எத்தனைக்கு மூலப் பதிவு இருக்கிறது? ரப்பர் போய் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள். பாட்டுத் தெரிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். மூலமே இல்லாத பாட்டை நாளை யார் எப்படி மெருகேற்றினாலும், எது போனது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

இதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. கைப்பேசி போதும். பாட்டியைப் பாடச் சொல்லி, இடையில் நிறுத்தாமல், இருமலும் சிரிப்பும் சேர்த்தே பதியுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த வேலையின்போது பாடியது என்ற மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். தமிழ்ப்பள்ளிகள் இதை மாணவர்களுக்கு விடுமுறை வேலையாகக் கொடுக்கலாம். கோயில் நிர்வாகங்கள் திருவிழா மேடையில் மூத்தவர்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

மெருகு பிறகு வரட்டும். முதலில் பாட்டு நம் கையில் இருக்கட்டும்.