திறப்பு விழாவுக்கு அடுத்த நாள்

அரசாங்கம் காசை வீணடிக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால், எங்கள் தெருவில் பேச்சு உடனே இலவசங்களுக்குப் போய்விடும். 2006-இல் கலர் டிவி, 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. எனக்கு அந்தக் கோபம் இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை என் மருமகளின் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஒரு மாதம் வராவிட்டால் அவள் கேட்பாள். கேட்பதற்கு ஆளே இல்லாத பணம்தான் எனக்குப் பயம் தருகிறது.

எங்கள் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் எண்ணூரில் ஆலை வேலை பார்த்து ஓய்வு பெற்ற மீஞ்சூர்க்காரன். என் அப்பா கிணற்றுப் பாசனத்தில் நெல் விளைவித்தவர். 1960-களின் கடைசியில் ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் நடுவே அரசு ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் நீரெடுத்தது. விவசாயிகளும் இறைத்தார்கள்; அதை மறைக்கக் கூடாது. நன்னீர் இறங்க இறங்க, கடல்நீர் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே ஏறியது. அப்பாவின் கிணறு உப்புக் கரித்தது. அவர் நிலத்தை விட்டார், நான் ஆலைக்குப் போனேன்.

பிறகு, அதே கடலைக் குடிநீராக்கக் காட்டுப்பள்ளியில் ஒரு நிலையம் வந்தது. 2005-இல் ஜெயலலிதா ஆட்சியில் ஒப்பந்தம் ஆனது. 2010 ஜூலையில் கருணாநிதி முதல்வராக இருந்தபோது திறப்பு. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். தனியார் நிறுவனம் கட்டி, 25 ஆண்டுகள் நடத்தி, குடிநீர் வாரியத்துக்கு விற்கும் ஏற்பாடு. தொடக்க விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 48 லட்சத்துக்கு மேல். வறட்சியில் சென்னைக்கு அந்த நீர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை இலவசமாக நிரப்பிக்கொண்டிருந்த நிலத்தைக் கெடுத்துவிட்டு, அதற்கு ஈடான நீரை நாள்தோறும் மின்சாரம் செலவழித்து வாங்குகிறோம். கெடுத்ததன் விலை எந்த பட்ஜெட்டிலும் வரவில்லை. இரண்டு கட்சிகளும் திறப்பு விழாவில் பங்கு கேட்கும். உப்பான கிணற்றில் பங்கு கேட்க யாரும் வருவதில்லை.

அதற்குப் பின் நெம்மேலியில் இதே போன்ற நிலையம், இப்போது பேரூரில். பேரூருக்கு மட்டும் 4,276 கோடி ரூபாய். ஒவ்வொரு வெள்ளத்திலும் கொசஸ்தலை ஆற்று நீர் வல்லூர் அணைக்கட்டையும் சீமாவரம் தடுப்பணையையும் தாண்டி எண்ணூரில் கடலுக்குப் போகிறது. அந்த நீரில் கொஞ்சத்தை இங்கேயே நிலத்துக்குள் இறக்க என்ன செலவாகும் என்று எந்த மேடையிலும் ஒரு தலைவர் சொல்லி நான் கேட்டதில்லை. தடுப்பணைக்கு ரிப்பன் வெட்ட முதல்வர் வரமாட்டார், அதனால்தானோ என்னவோ.

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றார். எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும் அப்படிப்பட்ட எண்ணை நான் மதிக்கிறேன், என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் எண் அது. அதே போல ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் ஆண்டுக்கொரு தாள் வேண்டும்: எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு கிடைத்தது, எத்தனை நாள் நின்றது. ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டினால் போதும்.

பொன்னேரித் தொகுதியில் என்னிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அவர் எந்தக் கொடியோடு வந்தாலும், கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். காட்டுப்பள்ளி நிலையத்தின் 25 ஆண்டுகள் 2035-இல் முடிகின்றன. அதன் பிறகு அதை யார் நடத்துவார்கள், தண்ணீர் என்ன விலை, அதற்குள் எங்கள் நிலத்தடியில் எவ்வளவு நன்னீரைத் திரும்பச் சேர்த்திருப்பீர்கள்?