தோள் கொடுத்தவன் வீட்டுக்கு விலையா?

ஒருவர்மீது தொடுக்கும் தாக்குதல் அனைவர்மீதும் தொடுத்ததாகும் என்பது, 1949 இல் 12 நாடுகள் கைச்சாத்திட்ட வட அத்திலாந்திக் உடன்படிக்கையின் ஐந்தாவது சரத்து. அச்சரத்து ஒரேயொரு முறைதான் செயலுக்கு வந்தது. 2001 இல், அமெரிக்காவுக்காக! சின்னஞ்சிறு டென்மார்க் அன்று கணக்குப் பார்க்கவில்லை. ஆப்கானிஸ்தானில் 43 போர்வீரரைப் பறிகொடுத்தது.

அந்த டென்மார்க்கிடமே கிறீன்லாந்தை 2019 இல் விலை பேசினார் டிரம்ப். 2025 ஜனவரியில், மீண்டும் பதவியேற்கு முன்னரே, படைபலத்தை நாடமாட்டேன் என உறுதிகூறவும் மறுத்தார்.

பாதுகாப்புச் செலவில் பங்கு கேட்கட்டும், அது நியாயமே. நட்பு நாட்டின் மண்ணைக் கேட்பது எவ்வகை அறம் என நாம் வினவுகிறோம். பாதுகாப்பே நோக்கமாயின், 1951 ஒப்பந்தம் அமெரிக்கத் தளத்துக்கு அங்கே இடமளித்திருக்கிறதே! கிறீன்லாந்து மக்களின் சுயநிர்ணய உரிமையையோ டென்மார்க்கின் 2009 தன்னாட்சிச் சட்டமே ஏற்றிருக்கிறது. அவர்களை யார் கேட்டார்கள்?