எம்.சி.யோடு ஒரு கிண்ணம் கஞ்சி

தேர்வு நெருங்கும்போது விடுதியில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் போதும், பக்கத்து அறைகளுக்கும் பரவிவிடும். உடனே தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் சி மாத்திரையைத் தேடி ஓடுகிறோம். சாப்பாடு மட்டும் அதே உடனடி மீ தான்.

இது தலைகீழான அக்கறை என்பேன். சளி பிடித்த பிறகு வைட்டமின் சி எடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நாள்தோறும் எடுத்து வந்த பெரியவர்களுக்கே சளி நீடிக்கும் காலம் சுமார் 8 விழுக்காடுதான் குறைந்தது. ஒரு வாரச் சளியில் அது ஏறக்குறைய அரை நாள்.

உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் உடல் செலவிடும் சக்தி 10 விழுக்காடோ அதற்கு மேலோ கூடுகிறது. கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் புரதத்தால் ஆனவை. சாப்பாட்டில் போதிய புரதம் இல்லாவிட்டால் உடல் தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். காய்ச்சல் விட்ட பிறகும் கால் தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 'காய்ச்சலுக்குப் பட்டினியே மருந்து' என்று பாட்டிமார் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர்கள் வைத்துத் தரும் பாசிப்பயற்றுக் கஞ்சியை ஏற்கிறேன்!

பருமனாக இருப்பவருக்குச் சத்துக் குறைவில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2009-இல் எச்1என்1 பரவியபோது, கடும் உடல் பருமன் உள்ளவர்களுக்கே நோய் முற்றும் அபாயம் கூடுதலாக இருந்தது.

எம்.சி. காட்டினால் வகுப்புக்கு விடுப்புத் தருகிறார்கள். அதே எம்.சி.க்கு, முட்டை போட்ட கஞ்சி ஒரு கிண்ணம் அறைக்கே வந்துசேர விடுதி உணவகங்கள் ஏற்பாடு செய்யலாமே.