தூங்காத பெட்டி

"ஏம்மா, அந்தப் பெட்டி ராத்திரியெல்லாம் முனகுதே, அதுக்கு ஏதாவது கோளாறா?"

ஒரு நாள் காலையில் காபித் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே என் மாமியார் இப்படிக் கேட்டார். அத்தைக்கு வயது எழுபத்து நான்கு. தூக்கம் ரொம்பவும் மெல்லியது. எதிர் வீட்டில் குழாயைத் திறந்தால் இங்கே விழித்துக்கொண்டுவிடுவார். கம்ப்யூட்டர் மேஜை இருப்பதோ அவருடைய கட்டிலுக்கு நேர் எதிரே. எங்கள் ஃப்ளாட்டில் அதற்கு வேறு இடம் கிடையாது.

அவர் சொன்ன பெட்டி, கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு கம்பியால் இணைத்து வைக்கிற ஹார்ட் டிஸ்க். பார்வைக்குச் சின்ன வெற்றிலைப் பெட்டி மாதிரி இருக்கும். நேயர்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். கம்ப்யூட்டரில் இடம் போதாமல் போனதும் கல்யாணப் படங்கள், குழந்தையின் முதல் பிறந்தநாள், காசிக்குப் போய் வந்தது எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

எங்கள் பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. என் மாமனார் காலமாவதற்கு முந்தின வருஷம் பேசிய இருபத்திரண்டு நிமிஷக் குரல். குளத்தில் விழுந்த கன்றுக்குட்டியை ஊரார் சேர்ந்து தூக்கிய கதையைப் பேத்திக்குச் சொல்கிறார். நடுவில் இருமல் வந்து, "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று அத்தையைக் கூப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு அத்தை அதைப் போடச் சொல்லிக் கேட்பார். அந்தக் குரலுக்கு வேறு பிரதி கிடையாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் கணவர் கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போட்டிருந்தார். திரை பளபளவென்று ஆயிற்று. எழுத்துக்கள் அழகாயின. எல்லாம் சரி. ஆனால் பெட்டியின் தூக்கம் போயிற்று! முன்பெல்லாம் பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். விர்ரென்ற ஓசை அடங்கிவிடும். இப்போதோ விடிய விடிய விர்ர்... நடுநடுவே கர்ர்...

"டிஸ்க் சாகப்போகிறது. அதற்கு முன்னால் இப்படித்தான் சத்தம் வரும்" என்று பக்கத்து ஃப்ளாட்காரர் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணி. அத்தை எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "சனியன், ஒழிந்தது!" என்று கம்பியைப் பிடுங்கிப் போட்டார். வீடு நிசப்தம் ஆயிற்று. எல்லோரும் தூங்கினோம்.

காலையில் கம்பியை மறுபடி சொருகினால், 'இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்று திரையில் ஒரு வரி. அவ்வளவுதான்!

அன்று வீடு இருந்த இருப்பை என்னவென்று சொல்ல? அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது மட்டும், "கன்னுக்குட்டிக் கதையும் போச்சா?" என்று கேட்டார். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெட்டியைப் புடவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் காரியாலயத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளை ஒருவர் இருக்கிறார். அவர் அதை வாங்கிக் காதருகில் வைத்துக் கேட்டார், டாக்டர் மாதிரி. "சத்தம் சீராகத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் சரக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அட்டவணைதான் கெட்டிருக்கும்" என்றார். சோதித்துச் சீர்செய்யும் ஒரு புரோகிராமை ஓட்டினார். முக்கால் மணி நேரம் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் படங்கள் வரிசையாக வந்தன. மாமாவின் குரலும் வந்தது. அங்கேயே காதில் வைத்து, "தண்ணி கொண்டா" வரையில் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

அவர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தப் பெட்டிக்குள்ளே காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தட்டுகள் இருக்கின்றன. சிறிய டிஸ்க்குகளில் அவை பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகின்றன. அதாவது, நீங்கள் ஒரு முறை கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் எத்தனையோ சுற்று! எழுதிப் படிக்கும் முனை தட்டின்மேல் படுவதே இல்லை. நம் தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதந்துகொண்டே வேலை செய்கிறது. தூக்கம் என்பது இதுதான்: முனை ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்ளும், மோட்டார் நின்றுவிடும். மறுபடி கூப்பிட்டால் எழுந்து வரச் சில விநாடி ஆகும்.

1956-ஆம் வருஷம் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலாக இப்படி ஒரு டிஸ்க் யந்திரத்தை வெளியிட்டது. இரண்டடி அகலமுள்ள தட்டுகள் ஐம்பது! எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியதோ ஐம்பது லட்சம் எழுத்துக்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் ஒரு டெராபைட் பெட்டியில் லட்சம் கோடி எழுத்துக்கள் அடங்கும். அவ்வளவையும் சுமந்துகொண்டு ஓடுகிற யந்திரத்தைத்தான் நாம் நடுராத்திரியில் பிடுங்கி எறிகிறோம். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை அது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பாதி எழுதிய அட்டவணை குழம்பிவிடுகிறது. எங்களுக்கு நேர்ந்தது அதுதான். 'எஜெக்ட்' என்று கட்டளை கொடுத்து, 'இனி எடுக்கலாம்' என்று திரை சொன்ன பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும்.

சரி, பெட்டி ஏன் தூங்கவில்லை? துப்பறியும் தொடர்கதை மாதிரி குற்றவாளியைத் தேடினோம். ஒருவன் இல்லை, மூன்று பேர்!

முதல் ஆள், தேடல் அட்டவணை போடுகிறவன். வீட்டுக்குப் புதுச் சமையல்காரி வந்தால் என்ன செய்கிறாள்? உப்பு எங்கே, புளி எங்கே என்று அலமாரியில் உள்ள அத்தனை டப்பாவையும் திறந்து பார்க்கிறாள் அல்லவா? புது சிஸ்டமும் பெரும்பாலும் அப்படித்தான். பெட்டியில் உள்ள ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. சரக்கு நிறைய இருந்தால் இதற்கு இரண்டொரு நாள்கூட ஆகும். முடிந்தால் தானே அடங்கிவிடும். அதுவரை பொறுமைதான் மருந்து.

இரண்டாவது ஆள், பிரதி எடுக்கிறவன். மணிக்கு ஒரு தரம் புதிதாக வந்ததை நகல் எடுக்கும் ஏற்பாடு சில சிஸ்டங்களில் உண்டு. நல்லவன்தான், ஆனால் மணிக்கொரு தரம் தட்டி எழுப்பினால் யார் தூங்குவார்கள்? நாளுக்கு ஒரு தரம் போதும் என்று மாற்றி வைத்தோம்.

மூன்றாவது ஆள், படங்களைக் காட்டும் புரோகிராம். அதன் படத் தொகுப்பு பெட்டியில் இருந்தது. புரோகிராம் திறந்து கிடக்கும் வரையில் முகங்களைத் தேடுவதும், சின்னப் படம் தயாரிப்பதுமாகப் பெட்டியைத் தொட்டுக்கொண்டே இருந்தது. அதை மூடாமல் விட்டுவிட்டுப் போய்ப் படுத்தது யார் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவளுக்கும் கொஞ்சம் மானம் உண்டு!

இதைக் கேட்டதும் அத்தை சிரித்தார். "அதானே பார்த்தேன். மத்தியானம் நான் கண்ணை மூடினா ஒருத்தர் மூக்குக் கண்ணாடி எங்கேங்கறீங்க, ஒருத்தர் காபிங்கறீங்க, குழந்தை பென்சில் சீவணும்ங்குது. அப்புறம் 'ஏன் அத்தை தூங்கலே?'ன்னு என்னையே கேட்கறீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

உங்கள் வீட்டிலும் பெட்டி இப்படி விழித்துக்கொண்டிருந்தால், முதலில் பயப்படாதீர்கள். சீரான விர்ரென்ற ஓசை நோய் அல்ல. 'டக், டக்' என்று விட்டு விட்டுத் தட்டுகிற ஓசைதான் ஆபத்துக்கு அடையாளம். அது கேட்டால் வேறு எதுவும் செய்யாமல், முக்கியமானதை உடனே வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில், எத்தனை நிமிஷத்துக்குப் பிறகு ஹார்ட் டிஸ்க்கை நிறுத்துவது என்ற கணக்கைப் பாருங்கள். மாக் வைத்திருப்பவர்கள் 'எனர்ஜி' அல்லது 'பேட்டரி' பகுதியில், முடிந்தபோது ஹார்ட் டிஸ்க்கைத் தூங்க வைப்பது என்ற வரியைப் பாருங்கள். சிஸ்டம் மாற்றும்போது இவை நம்மைக் கேளாமல் பழையபடி மாறிவிடுவது உண்டு. அது சரியாக இருந்தும் பெட்டி தூங்கவில்லையென்றால், யார் எழுப்புகிறார்கள் என்று பார்க்கவும் வழி இருக்கிறது. விண்டோஸில் 'ரிசோர்ஸ் மானிட்டர்', மாக்கில் 'ஆக்டிவிட்டி மானிட்டர்'. இரண்டிலும் 'டிஸ்க்' என்ற பக்கத்தைத் திறந்தால், டிஸ்க்கைத் தொடுகிறவர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும்.

ஒருவரும் எழுப்பாமலேயே விழித்திருக்கும் பெட்டிகளும் உண்டு. டிஸ்க்குக்கும் கம்பிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. 'தூங்கு' என்று கம்ப்யூட்டர் சொல்வதைச் சில சில்லுகள் டிஸ்க்குக்குச் சொல்லுவதே இல்லை! அப்படியானால் வேலை முடிந்ததும் எஜெக்ட் செய்து கழற்றி வைப்பதே சுகம்.

இன்னொரு விஷயம். தூக்கம் நல்லது என்பதற்காக நிமிஷத்துக்கு ஒரு முறை தூங்கும்படி வைக்காதீர்கள். நின்றுவிட்டு மறுபடி கிளம்புவதும் யந்திரத்துக்குத் தேய்மானந்தான். முனை இத்தனை லட்சம் தடவை ஒதுங்கி வரலாம் என்று தயாரிப்பவர்களே கணக்குக் கொடுக்கிறார்கள். பத்து, இருபது நிமிஷம் சரியான அளவு. விழித்திருப்பதாலேயே டிஸ்க் செத்துவிடாது. அதற்கென்று செய்த பெரிய டிஸ்க்குகள் வருஷக்கணக்கில் இரவும் பகலும் சுற்றுகின்றன. ஆனால் நம் வீட்டுச் சின்னப் பெட்டிக்குக் காற்றாடி கிடையாது. ஓயாமல் சுற்றினால் சுடும். அதன்மேல் துணி, புத்தகம் ஒன்றும் வைக்காதீர்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் மூன்று நாள் கவலைப்பட்டது சத்தத்தைப் பற்றி. கவலைப்பட்டிருக்க வேண்டியதோ வேறு. தூங்கினாலும் விழித்தாலும் ஒரு நாள் எந்த டிஸ்க்கும் நின்றுபோகும். மனிதர்கள் செய்த யந்திரம்தானே? வீட்டின் ஒரே ஒரு குரலை ஒரே ஒரு பெட்டியில் வைத்துவிட்டு இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியது நாங்கள்தான்! நகையை வைத்திருக்கும் பீரோவுக்கு இரண்டு சாவி வைத்துக்கொள்கிறோம். இதற்கு ஏன் தோன்றவில்லை?

அந்த வாரமே இன்னொரு பெட்டி வாங்கினோம். எல்லாவற்றையும் நகல் எடுத்து, கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனாரிடம் கொடுத்தனுப்பினோம். இரண்டு பிரதியும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே மழைத்தண்ணீரில் இரண்டும் போய்விடும் அல்லவா?

இப்போது எங்கள் வீட்டுப் பெட்டி இரவு பத்தேகாலுக்கு 'டிக்' என்று தூங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அத்தையும். மத்தியானம் அவர் படுத்திருக்கும்போது மூக்குக் கண்ணாடியை அவரவரே தேடிக்கொள்வது என்றும் ஏற்பாடு செய்திருக்கிறோம். இதுவரை பாதி நாள் நடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நாத்தனார் போன் செய்தாள். பேசி முடித்து வைக்கப்போனபோது அத்தை போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஏம்மா, அப்பாவை எங்கே வெச்சிருக்கே? மேலே துணி கிணி போட்டுடாதே, சுடுமாம்" என்றார்.