சிபாப் மெஷின் பரண்ல ஏறினது உங்க தப்பு இல்ல

“அந்த மெஷின் எனக்கு ஒத்துக்கல டாக்டர். மூணு நாள் போட்டுப் பாத்தேன், எடுத்து வச்சுட்டேன்.”

ஸ்லீப் அப்னியா இருக்குறவங்ககிட்ட ஓபில அடிக்கடி கேக்குற வார்த்தை இது. சொல்லி முடிக்கிறதுக்குள்ள கூட வந்தவங்க, “இவர் எதைத்தான் ஒழுங்கா செஞ்சிருக்கார்”னு ஆரம்பிச்சுடுவாங்க. கேஸ் ஷீட்லயும் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’னு ஒரு வரி ஏறிடும். அரை லட்சத்தை ஒட்டி செலவு பண்ணின பொருள் பரண் மேல, பழி மட்டும் பேஷண்ட் தலைல.

இந்தப் பழியை நான் ஒத்துக்க மாட்டேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

நோயைச் சுருக்கமா சொல்லிடுறேன். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காத்து போற வழி அடைச்சுக்குது. பத்து செகண்டோ அதுக்கு மேலயோ மூச்சு நிக்கும், ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பும், திரும்ப மூச்சு வரும். மூச்சு நிக்கிறதும் குறையுறதும் சேர்த்து ஒரு மணி நேரத்துல எத்தனை தடவைங்கிறதுதான் உங்க ரிப்போர்ட்ல இருக்குற ஏஹெச்ஐ. 5க்குக் கீழ இருந்தா நார்மல். 30னா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை! இப்படி ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடுற மனுஷன் காலைல எழுந்து பஸ் ஓட்டப் போறார். நாம “குறட்டை விட்டு எவ்ளோ நிம்மதியா தூங்குறார் பாரு”ங்கிறோம்.

சிபாப் ஆக்சிஜன் மெஷின் இல்ல, வென்டிலேட்டரும் இல்ல. ரூம்ல இருக்குற அதே காத்தைத்தான் கொஞ்சம் அழுத்தத்தோட அனுப்புது. அந்தக் காத்து தொண்டையை மூட விடாம உள்ளேருந்து தாங்கிப் பிடிக்கும். 1981ல சிட்னில காலின் சல்லிவன்ங்கிற டாக்டரும் அவர் குழுவும் அஞ்சு பேஷண்ட்டுக்கு இதைச் செஞ்சு பாத்து லான்செட்ல எழுதினாங்க. அடைப்பைத் திறக்குமாங்கிற சந்தேகம் அன்னைக்கே தீர்ந்துடுச்சு. நீங்க அதைப் போட்டுக்கிட்டுத் தூங்க முடியுமாங்கிறதுதான் இன்னைக்கும் கேள்வி.

எனக்குக் கோவம் வர்ற இடமும் அதுதான். ரிப்போர்ட் கடைசில ‘சிபாப் பயன்படுத்தவும்’னு ஒரு வரி இருக்கும். கடைக்காரர் வருவார், ஹால்ல சேர்ல உக்கார வச்சு மாஸ்க்கை மாட்டுவார், பட்டனைக் காட்டுவார், பில்லைக் குடுத்துட்டுக் கிளம்புவார். நீங்க என்ன உக்காந்துக்கிட்டா தூங்கப் போறீங்க? படுத்தா மாஸ்க் நகரும், லீக் ஆகும். படுக்க வச்சு, காத்தை ஓட விட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லித்தான் மாஸ்க் சைஸ் பாக்கணும். மிக்ஸி வாங்கினா மூணு ஜாருக்கும் தனித்தனியா டெமோ காட்டுறாங்க சார். இதுக்கு அஞ்சு நிமிஷம்.

ஒரு லாரி டிரைவர் வந்தார், நல்ல அடர்த்தியான மீசை. அவருக்கு மூக்கும் வாயும் சேர்ந்து மூடுற பெரிய மாஸ்க்கைக் குடுத்திருக்காங்க. மீசை வழியா காத்து போகுதுன்னு ஸ்ட்ராப்பை இறுக்கியிருக்கார். இறுக்கி இறுக்கி மூக்குத்தண்டுல புண்ணு. அப்பவும் லீக் நிக்கல, கண்ணுல காத்தடிச்சு காலைல செவசெவன்னு எழுந்திருக்கார். இதுக்குப் பேர் ஒத்துழைக்காததா? மூக்குத் துவாரத்துல மட்டும் உக்கார்ற சின்ன மாஸ்க்கா மாத்தி, மூக்கடைப்புக்கு ஸ்ப்ரே எழுதினோம். இப்ப ராத்திரிக்கு அஞ்சு மணி நேரம் போடுறார். இன்னும் கூடணும், ஆனா லாரில ஏறினதும் கண்ணு சொக்குறது இல்லைங்கிறார்.

புதுசா வாங்கினவங்க முதல் நாள் ராத்திரியே போர்க்களத்துல இறங்காதீங்க. பகல்ல டிவி பாத்துக்கிட்டே இருபது நிமிஷம் மாட்டிப் பழகுங்க. அப்புறம் மதியத் தூக்கம். அப்புறம்தான் ராத்திரி. ‘ரேம்ப்’னு ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போட்டா அழுத்தம் கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏறும். மூக்கும் வாயும் காஞ்சு போனா ஹியூமிடிஃபையர் வேணும், அதுல டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. போர் தண்ணி ஊத்தி உப்பு படிய விடாதீங்க. நடுராத்திரி தூக்கத்துல கழட்டிப் போட்டிருந்தா குற்ற உணர்ச்சி வேண்டாம், முழிச்சதும் திரும்ப மாட்டுங்க. அழுத்த அளவை மட்டும் யூடியூப் பாத்து நீங்களே மாத்தக் கூடாது.

“பழகிட்டா அது இல்லாம முடியாதாமே?” கண்ணாடி போட்டா கண்ணு அடிமையாயிடுமா? கரண்ட் போனா மூச்சடைச்சுடுமோன்னும் பயப்படுறாங்க. பெரிய மாஸ்க்ல வெளிக்காத்து உள்ள வர தனி வால்வு இருக்கு. சின்ன மாஸ்க்னா வாயைத் திறந்து மூச்சு விடலாம். முழிப்பு வந்தா கழட்டி வச்சுட்டுப் படுங்க.

இன்னொரு பக்கம், “இதை வாங்கினா ஹார்ட் அட்டாக்கே வராது”னு விக்கிறவங்களையும் நம்பாதீங்க. 2016ல ‘சேவ்’னு ஒரு ஆய்வு வந்தது, 2,700 பேருக்கு மேல. ஏற்கனவே இதய நோயோ ஸ்ட்ரோக்கோ இருந்தவங்களுக்கு சிபாப் குடுத்தும் அடுத்த அட்டாக், ஸ்ட்ரோக் குறையல. அவங்க சராசரியா போட்டதும் ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான்ங்கிறதையும் சேர்த்துப் படிக்கணும். ஒழுங்கா போட்டா பகல் தூக்கம் குறையும், குறட்டை அடங்கும், பிபி கொஞ்சம் இறங்கும். வண்டி ஓட்டுறவருக்கு அந்த முதல் விஷயம் ஒண்ணே உயிர்ப் பிரச்சினை.

அதனால பரண்ல இருக்குறதை இறக்குங்க. மெஷினோட ஸ்கிரீன்லயே எத்தனை மணி நேரம் போட்டீங்க, எவ்ளோ லீக், மிச்சம் ஏஹெச்ஐ எவ்ளோன்னு இருக்கும். அதை போட்டோ எடுத்துக்கிட்டு எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட போங்க. ‘பாத்து சொல்லுங்க’னு கேளுங்க, கேக்குறது உங்க உரிமை. கடைக்காரருக்கும் போன் போடுங்க. படுக்க வச்சு மாஸ்க் மாட்டிக் காட்டச் சொல்லுங்க, சேரலைன்னா மாத்தித் தரச் சொல்லுங்க. புதுசா வாங்கப் போறவங்க, மாஸ்க்கை மாத்தித் தருவோம்னு பில்லுலயே எழுதி வாங்கிட்டு அப்புறம் காசைக் குடுங்க.